செயின் இல்லாத சைக்கிள் நம்ம மலைப்பாதைக்குத் தாங்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். கிழக்கே தென்காசி வரைக்கும், மேற்கே கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை வரைக்கும் உள்ளவர்கள் வண்டி கொண்டுவருகிறார்கள். போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "அண்ணாச்சி, இதுல செயினே இல்ல பாருங்க, இது நம்ம ரோட்டுக்கு ஆகுமா?" என்று கேட்பது இப்போது வாடிக்கையாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களைத்தான் இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன்.

செயினில் அப்படி என்ன குறை?

பட்டறை மேசையில் வைத்துப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ரோட்டுக்கு வந்தால்தான் வம்பு. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஆரியங்காவுப் பக்கம் கொட்டுகிறது. நம் பக்கம் அதுவே சாரல். அது ஓய்ந்து கொஞ்ச நாளில் ஐப்பசி மழை வந்துவிடும். ஆண்டில் பாதி நாள் செயின் நனைந்தே கிடக்கிறது. இதோடு புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகும் கல் லாரிகளும் எம்-சாண்ட் லாரிகளும் சிந்துகிற தூள் ரோடெல்லாம் படிந்திருக்கிறது. அந்தத் தூள் ஈரத்தோடு கலந்து செயின் எண்ணெயில் ஒட்டினால், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். செயின் பழசாகிச் சாவதில்லை, அரைபட்டுத்தான் சாகிறது.

வேட்டி நுனியும் சேலை முந்தானையும் மாட்டுவது, பேன்ட் ஓரத்தில் கறுப்பு மை படிவது, ஏற்றத்தில் கழன்றுகொள்வது எல்லாம் தனி. மாற்று தேடுகிறவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

பிறகு ஏன் நூறு வருஷத்துக்கு மேலாகச் செயினையே கட்டிக்கொண்டு அழுகிறோம்?

அதை ஜெயிப்பது கஷ்டம் என்பதுதான் காரணம். சுவிட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் செய்த ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் 1880இல் புஷ் ரோலர் செயினுக்கு, அதாவது இன்றைய சைக்கிள் செயின் வகைக்கு, காப்புரிமை வாங்கினார். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். பின்சக்கரத்தைச் செயின் ஓட்டும் அந்த அமைப்பைத்தான் இன்றைக்கும் மிதிக்கிறோம்.

1999இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சைக்கிள் செயினைச் சோதித்துப் பார்த்தார்கள். நல்ல நிலையில் 98.6 விழுக்காடு வரை செயல்திறன் கிடைத்தது, அதாவது மிதிக்கும் சக்தியில் அவ்வளவு பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மோசமான அமைப்பில் 81 வரை இறங்கியது. பல்சக்கரம் பெரிதாக இருந்தால் இழப்பு குறைகிறது என்பது அதில் தெரிந்த முக்கியமான விஷயம். இதைக் கணக்கிலேயே பார்க்கலாம். 44 பல் சக்கரத்தில் ஏறும் ஒவ்வொரு கண்ணியும் சுமார் 8 டிகிரி மட்டும் மடங்குகிறது. 18 பல்லில் 20 டிகிரி மடங்குகிறது. மடங்கும்போதுதான் கண்ணிகளைக் கோக்கும் பின் (ஆணி) உராய்கிறது, மீதி நேரம் கண்ணி சும்மா இழுபட்டுக்கொண்டு போகிறது. உராய்வதற்கு இவ்வளவு குறைவாக வாய்ப்புத் தரும் அமைப்பு வேறு ஒன்று சுலபத்தில் அமையாது.

அந்தச் சோதனையில் எந்த எண்ணெய் போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அது சுத்தமான ஆய்வுக்கூடம் என்பதை மறக்கக்கூடாது. அங்கே எம்-சாண்ட் லாரி போவதில்லை.

பெடலை நேராகச் சக்கரத்திலேயே மாட்டிவிட்டால் என்ன? குழந்தைகளின் மூன்று சக்கர வண்டி அப்படித்தானே?

ஆரம்பமே அப்படித்தான். 1860களில் பிரான்ஸில் வந்த வெலாசிபீடுகளில் பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுத்தான். வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வழியில்லை. ஒரு பக்கம் ராட்சசச் சக்கரமும் மறுபக்கம் குட்டிச் சக்கரமுமாக அந்த உயரமான சைக்கிள் பிறந்தது இதனால்தான்.

நம்மூர் 28 அங்குலச் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருப்பதாக வையுங்கள். அதே வேகம் நேரடிப் பெடலில் கிடைக்க ஏறக்குறைய 68 அங்குல விட்டமுள்ள சக்கரம் வேண்டும். அது ஐந்தே முக்கால் அடி உயரம், கால் எட்டாது. பல்சக்கரமும் செயினும் இந்தப் பெருக்கலைச் செய்து கொடுத்ததால்தான் சைக்கிள் தரைக்கு இறங்கிவந்தது.

தையல் மிஷின் மாதிரி மேலும் கீழும் மிதிக்கிற சைக்கிள் உண்டா?

உண்டு, நல்ல கதையும் உண்டு. 1880களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஸ்மித்வில் என்ற ஊரில் ‘அமெரிக்கன் ஸ்டார்’ என்ற சைக்கிளைச் செய்தார்கள். இரண்டு நீண்ட மிதிகட்டைகள், அவற்றில் தோல் வார், அந்த வார் சுற்றிக்கொள்ளும் உருளை, மிதியை மேலே இழுத்துக்கொள்ள ஸ்பிரிங். மிதித்தால் வார் உருளையை உருட்டும், விட்டால் ராட்செட் (ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் பல்கொக்கி) விட்டுக்கொடுக்கும். இரண்டு காலையும் ஒன்றாகவும் அழுத்தலாம், மாற்றி மாற்றியும் அழுத்தலாம். குட்டிச் சக்கரம் முன்னால் இருந்ததால் குப்புற விழும் பயமும் குறைவு. வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிக்கட்டில் இதை ஓட்டி இறக்கி விளம்பரம் செய்தார்கள்.

ஸ்வீடனில் 1890களில் யுங்ஸ்ட்ரோம் சகோதரர்கள் ‘ஸ்வியா’ என்ற மிதிகட்டைச் சைக்கிளைச் செய்தார்கள். அதற்குப் பணம் போட்டவர் ஆல்ஃபிரட் நோபல், பரிசு நிறுவிய அதே நோபல்தான்.

இவை நிலைக்காததற்குக் காரணம் உண்டு. வட்டமாகச் சுற்றும் காலுக்கு ஓட்டத்தின் வேகமே அடுத்த சுற்றுக்கு உதவுகிறது. மேலும் கீழுமாகப் போகும் கால் ஒவ்வொரு மிதிக்கும் நின்று திரும்ப வேண்டும். மெதுவாக மிதிக்கும்போது சரி, வேகமாக மிதித்தால் தொடைதான் சொல்லும். ராட்செட்டும் ஸ்பிரிங்கும் ஒவ்வொரு மிதிக்கும் அடி வாங்கும்.

ஷாஃப்ட் வைத்த சைக்கிள்? லாரிக்கே தாங்குவது சைக்கிளுக்குத் தாங்காதா?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் பார்த்ததும் எல்லாருக்கும் பிடிப்பது இதுதான். செயின் இருந்த இடத்தில் ஒரு குழாய், அதற்குள் ஒரு தண்டு, இரண்டு முனையிலும் சாய்பல் கியர். எண்ணெய் உள்ளேயே அடைத்துக் கிடக்கும். மழை புகாது, முந்தானை மாட்டாது.

புதுசும் இல்லை. 1890களிலேயே பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் விற்றார்கள். ஹார்ட்ஃபோர்டில் இருந்த போப் நிறுவனம் 1897 வாக்கில் ‘கொலம்பியா செயின்லெஸ்’ என்று பெரிய விளம்பரத்தோடு கொண்டுவந்தது. செயின் சைக்கிளைவிட விலை அதிகம். சில ஆண்டுகளில் ஆர்வம் வடிந்துவிட்டது.

ஏன் என்பதற்குக் கணக்குப் போடுவோம். 70 கிலோ ஆள் ஏற்றத்தில் எழுந்து நின்று பெடலில் முழு எடையையும் போடுகிறார். கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கம்பி, நீளம் 170 மில்லிமீட்டர். 44 பல் சக்கரத்தின் ஆரம் ஏறக்குறைய 89 மில்லிமீட்டர். அப்போது செயினில் விழும் இழுவை சுமார் 134 கிலோ. அதுவும் பல பற்களில் பங்கு பிரிந்துவிடுகிறது. ஷாஃப்ட் சைக்கிளில் குழாய்க்குள் அடங்கவேண்டும் என்பதால் கியர் சின்னது. ஆரம் 30 மில்லிமீட்டர் என்று வைத்தால், அதே மிதிக்குப் பல்லில் விழும் விசை ஏறக்குறைய 400 கிலோ. அதைத் தாங்குவது ஒன்றிரண்டு பற்கள். அதோடு சாய்பல் கியர்கள் ஒன்றை ஒன்று தள்ளி விலக்கப் பார்க்கும். பிரேம் துளி வளைந்தாலும் பற்கள் சரியாகக் கவ்வாது.

லாரியில் இன்ஜின் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுகிறது. மனிதக் கால் 60, 70 சுற்றுத்தான். வேகம் குறைந்தால் அதே சக்திக்கு முறுக்குவிசை ஏறும். ஆகவே சைக்கிள் ஷாஃப்ட் கனமாகத்தான் இருக்கவேண்டும், கனத்தோடு உராய்வும் வரும்.

இதற்கு ஏற்ற இடம் ஒன்று இருந்தது. 2016இல் ஷாங்காயில் மோபைக் நிறுவனம் வாடகைச் சைக்கிள்களைத் தெருவில் இறக்கியபோது முதல் மாடலில் ஷாஃப்டும் காற்றில்லாத டயரும் வைத்தது. யாரும் எண்ணெய் போடமாட்டார்கள், யாரும் பஞ்சர் ஒட்டமாட்டார்கள் என்ற கணக்கு. வண்டி 25 கிலோ அளவில் வந்தது, மிதிக்கக் கனம் என்று புகார். அதே ஆண்டு வந்த ‘லைட்’ மாடலில் செயினுக்கே திரும்பிவிட்டார்கள். என்னைக் கேட்டால் ஷாஃப்ட் வழக்கில் இதைவிடத் தெளிவான தீர்ப்பு இல்லை.

செராமிக்ஸ்பீட் என்று ஒரு ஷாஃப்ட் வந்ததே, 99 விழுக்காடு என்றார்களே?

டென்மார்க் நிறுவனம். 2018இல் ஜெர்மனியில் நடந்த யூரோபைக் கண்காட்சியில் ‘டிரிவன்’ என்ற மாதிரியைக் காட்டியது. கார்பன் தண்டு, சாய்பல் கியருக்குப் பதிலாகச் சின்னச் சின்ன பேரிங்குகள். தட்டையான 13 வேகப் பல்தட்டின் மேல் அந்த பேரிங்குகள் உருளும். தேய்ந்து வழுக்காமல் உருளுவதால் இழப்பு குறைவு என்பது சரியான யோசனைதான். 99 விழுக்காடு என்பது அவர்களே சொன்ன கணக்கு.

ஆனால் அது எல்லாம் திறந்தே கிடக்கிற அமைப்பு. கல்தூள் விழுந்த தட்டில் பேரிங் எத்தனை நாள் உருளும் என்று யோசித்துப் பாருங்கள். கடையில் வாங்கக்கூடிய பொருளாக அது பரவவும் இல்லை.

கயிறு கட்டிய சைக்கிள் உண்மையா?

உண்மை. 2010இல் ஹங்கேரியில் ‘ஸ்ட்ரிங்பைக்’ வந்தது. இரண்டு பக்கமும் கயிறு, அதை இழுக்க ஊசலாடும் நெம்புகோல், 19 வேக நிலைகள். நெதர்லாந்தில் படகுத் துடுப்பு வலிப்பதுபோல் கையும் காலும் சேர்த்து இழுத்து ஓட்டும் சைக்கிளும் உண்டு, அதிலும் கயிறுதான். வேடிக்கையாக இருக்கும். கயிறு நைந்தால் இங்கே மாற்ற ஆள் கிடையாது.

ஜேசிபி மாதிரி ஹைட்ராலிக் போடலாமே?

போடலாம், மிதிக்க முடியாது. பெடலில் பம்பு, சக்கரத்தில் மோட்டார். இரண்டும் தலைக்கு 90 விழுக்காடு செயல்திறன் தந்தால்கூட மொத்தம் 81தான். ஜேசிபிக்கு டீசல் இருக்கிறது, நமக்கு இரண்டு இட்லி.

பெடலை மிதித்தால் கரன்ட், கரன்டில் சக்கரம் என்று ஒரு வண்டி இருக்கிறதாமே?

இருக்கிறது. 2012இல் கொரியாவின் மாண்டோ நிறுவனம் ‘ஃபுட்லூஸ்’ என்ற மடக்குச் சைக்கிளைக் காட்டியது. பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வயர் மட்டும்தான். 2021இல் ஜெர்மனியின் ஷேஃப்ளர் நிறுவனம் ஹைன்ஸ்மான் என்ற இன்னொரு நிறுவனத்தோடு சேர்ந்து ‘ஃப்ரீ டிரைவ்’ என்று இதே வழியில் ஒன்றை அறிவித்தது. பெடல் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றும், அது பேட்டரிக்கும் மோட்டாருக்கும் கரன்ட் தரும்.

இழப்பில் இது ஹைட்ராலிக்குக்கு அண்ணன் தம்பி. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: மூன்று சக்கர, நான்கு சக்கரச் சரக்கு வண்டிகளில் பெடலிலிருந்து பின் அச்சு வரைக்கும் நீளமான செயினைக் கோணல்மாணலாக இழுப்பது பெரிய தொல்லை. அங்கே வயர் வசதி. பேட்டரி எப்படியும் இருக்கிற வண்டியில் மனிதக் காலின் இழப்பைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்வதில்லை. பேட்டரி தீர்ந்தபிறகு வெறும் காலால் புளியரை எஸ் வளைவு ஏறவேண்டி வந்தால்தான் தெரியும்.

நம்மூரில் விற்கும் 250 வாட் ஹப் மோட்டார் சைக்கிள்கள் வேறு ரகம். அவற்றில் செயின் அப்படியே இருக்கிறது, மோட்டார் சக்கரத்துக்குள் தனியாக ஓடுகிறது.

அப்படியென்றால் எதுதான் தேறியது?

பெல்ட். செயினுக்கு மாற்றாக உண்மையிலேயே ரோட்டில் நிலைத்தது இது ஒன்றுதான் என்பது என் கருத்து. 1980களிலேயே ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் பெல்ட் சைக்கிள் விற்றது. 1987இல் மார்க் சாண்டர்ஸ் வடிவமைத்த ‘ஸ்ட்ரைடா’ மடக்குச் சைக்கிளும் பெல்ட்தான். இப்போது கேட்ஸ் நிறுவனத்தின் கார்பன் பெல்ட் பரவலாக இருக்கிறது. கார் இன்ஜினில் இருக்கும் டைமிங் பெல்ட் வகை, உள்பக்கம் பற்கள். எண்ணெய் வேண்டாம், துரு இல்லை, சத்தம் இல்லை. சேறு ஒட்டினால் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். செயினைவிடப் பல மடங்கு நாள் வரும்.

இழப்பு? பெல்ட்டை இறுக்கமாகவே கட்டவேண்டும், இல்லாவிட்டால் பல் தாண்டிக் குதிக்கும். அந்த இறுக்கம் பேரிங்கில் சதா அழுத்தும். மெதுவாக மிதிக்கிறவருக்குச் சுத்தமான செயினைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சக்தி போகும். ஆனால் இங்கே சுத்தமான செயின் யாரிடம் இருக்கிறது?

"பெல்ட்டு நம்ம புனலூர் ரப்பரா சேட்டா?"

ஆரியங்காவு தோட்டத்தில் ரப்பர் பால் எடுக்கிறவர் கேட்டது. அவர் பெருமைப்படும்படி பதில் சொல்ல முடியவில்லை. இன்றைய கார்பன் பெல்ட்டின் உடம்பு பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருள். உள்ளே இழுவையைத் தாங்குவது கார்பன் நார்கள். அந்த நார்தான் நீளாமல் பார்த்துக்கொள்கிறது. ரப்பர் மட்டும் என்றால் ஏற்றத்தில் இழுத்து நீண்டுவிடும்.

இருக்கிற சைக்கிளில் பெல்ட் மாட்டித் தருவீர்களா?

மாட்டேன். செயினைப் பின் தட்டிப் பிரித்துக் கோக்கலாம். பெல்ட் முழு வளையம், பிரியாது. பின்சக்கரப் பக்கத்துப் பிரேம் முக்கோணத்துக்குள்ளாக அது போகவேண்டும் என்றால் பிரேமில் ஒரு திறப்பு வேண்டும். பெல்ட் சைக்கிள்களில் அதற்கென்றே கழற்றி மாட்டும் இணைப்பு வைத்துச் செய்கிறார்கள். இங்கே குழாயை அறுத்து வெல்டிங் வைத்துத் தரச்சொல்லி ஒருவர் ஒற்றைக்காலில் நின்றார். அந்த இடம் வண்டியின் பாரமெல்லாம் இறங்கும் இடம். மலை இறங்கும்போது விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்று சொன்னபிறகுதான் போனார்.

இன்னொன்று, செயினைப் பக்கவாட்டில் தள்ளி வேறு பல்சக்கரத்துக்கு மாற்றும் டிரெயிலியர் (derailleur) கியர் பெல்ட்டில் வேலை செய்யாது. பெல்ட் பக்கவாட்டில் நகர்ந்து வேறு பல்லுக்குத் தாவாது. கியர் வேண்டுமென்றால் சக்கர ஹப்புக்குள்ளேயோ பெடல் பெட்டிக்குள்ளேயோ இருக்கவேண்டும். ஜெர்மனியின் ரோலாஃப் ஹப்பில் 14 கியர், பினியான் பெட்டியில் 18 கியர். அந்த விலைக்கு நல்ல மோட்டார் பைக்கே வாங்கலாம்.

பெல்ட் சைக்கிள் ஏற்கெனவே வைத்திருக்கிறேன். என்ன கவனிக்கணும்?

மடக்காதீர்கள், முறுக்காதீர்கள், ஸ்குரூடிரைவர் வைத்து நெம்பி மாட்டாதீர்கள். உள்ளே கார்பன் நார் ஒடிந்தால் வெளியே தெரியாது, ஒருநாள் பட்டென்று போகும். கிரீஸ் தடவவே கூடாது. இறுக்கத்தைப் பார்க்கப் பெல்ட்டைத் தந்தி போலச் சுண்டி, எழும் ஒலியின் அதிர்வெண்ணை அளக்கும் செயலியைக் கேட்ஸ் நிறுவனமே போனுக்குத் தருகிறது. தூர ஓட்டம் போகிறவர் ஒரு பெல்ட்டை உபரியாக, அது வந்த வளைவிலேயே, வைத்துக்கொள்ள வேண்டும். கழுதுருட்டியில் அறுந்தால் எந்தக் கடையிலும் கிடைக்காது. செயின் அறுந்தால் டீக்கடைக்காரரிடம் சுத்தியல் வாங்கியாவது ஊர் வந்து சேரலாம்.

புளியரை ஏற்றத்துக்கு எந்த டிரைவ் நல்லது?

கேள்வியையே மாற்றவேண்டும். 60 கிலோ ஆள், 20 கிலோ சைக்கிள், நூறு அடிக்கு ஆறடி ஏறும் சரிவு, வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர். மேலே தூக்குவதற்கு மட்டும் சுமார் 105 வாட் வேண்டும். சாதாரண ஆளால் முடியும். ஆனால் 44க்கு 18 என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 5.5 மீட்டர் போகிறது, அதாவது நிமிடத்துக்கு 24 சுற்று. கால் மூட்டு கதறும். முன்னும் பின்னும் சம பல் என்றால் அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 60 சுற்று, உட்கார்ந்தே ஏறலாம்.

டிரைவ் இழப்பு என்ன செய்யும்? செயினில் 8 கிலோமீட்டர் என்றால், 81 விழுக்காடு டிரைவில் ஏறக்குறைய 6.7. சின்ன கியர் இருந்தால் இதையும் தாங்கிக்கொள்ளலாம். சின்ன கியர் இல்லாவிட்டால் 99 விழுக்காடு டிரைவும் தள்ளிக்கொண்டுதான் போகும்.

தோட்ட வேலைக்குத் தினமும் மழையில் போகிறேன். உங்கள் யோசனை என்ன?

செயினை மாற்றாதீர்கள், மூடுங்கள். பழைய கறுப்புச் சைக்கிள்களில் செயினை முழுசாக மூடிய டப்பா இருந்தது. இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் ஜான் மார்ஸ்டன் செய்த சன்பீம் சைக்கிளில் அந்த டப்பாவுக்குள் எண்ணெய்த் தொட்டியே வைத்து, செயின் எண்ணெயில் நனைந்தபடி ஓடும்படி செய்திருந்தார்கள். நெதர்லாந்தில் இன்றைக்கும் முழு மூடிச் சைக்கிள்தான் சாதாரணம். ஷாஃப்ட் தரும் எல்லா வசதியும் இதில் கிடைக்கிறது, விலை அதில் ஒரு துளி. பஞ்சர் ஒட்டும்போது கழற்ற எரிச்சல் வரும், அவ்வளவுதான். இங்கே மெக்கானிக்குகளே அதைக் கழற்றிப் போட்டு வழக்கத்தை ஒழித்துவிட்டார்கள், எங்கள் தொழிலைத்தான் சொல்கிறேன்.

பையனுக்கு ஸ்கூல்ல கொடுத்த சைக்கிளில் செயின் கழன்றுகொண்டே இருக்கிறது. பெல்ட் போட்டால் சரியாகுமா?

பெல்ட்டெல்லாம் வேண்டாம். பின்சக்கர நட்டை இளக்கி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து, நேராக வைத்து முடுக்குங்கள். நடுவில் விரலால் தள்ளினால் செயின் அரை அங்குலம் அசையவேண்டும். பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள், ஓரிடத்தில் இறுக்கமும் ஓரிடத்தில் தளர்வும் இருந்தால் முன்பல் கோணியிருக்கிறது, பெண்டு எடுக்கவேண்டும்.

அப்படியும் கழன்றால் செயினை அளங்கள். ஒரு பின்னிலிருந்து 24 கண்ணி தள்ளி உள்ள பின் வரைக்கும் புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் இருக்கும். 12 அங்குலத்துக்கு மேல் ஒரு நூலில் பாதி, அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம். ஒரு நூல் முழுசாகக் கூடியிருந்தால் பற்களும் தேய்ந்திருக்கும். அப்போது செயினை மட்டும் மாற்றினால் பழைய பல்லில் ஏறிக் குதிக்கும். பின்சக்கரப் பல்லான ஃப்ரீவீலையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.